அமிர்தி அருவியில் தண்ணீர் குறைவா? பாறையைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்

சத்துவாச்சாரி டீச்சர்

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு அமிர்திக்குப் போய் வந்தேன். வந்ததிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருப்பதை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கணியம்பாடியில் பிரிந்து ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போகிற பாதை. நாங்கள் அங்குள்ள உயிரியல் பூங்கா வாசலில் இறங்கும்போதே ஒரு குடும்பம் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தது. "ஒண்ணுமே இல்லைங்க, குழாயில ஊத்தற மாதிரி ஊத்துது. வெயில்ல நடக்காதீங்க" என்று அந்த அம்மா அக்கறையாகச் சொன்னார். நானும் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு 74 வயது, வலது முழங்காலில் வலி. "வந்தது வந்துட்டோம், பாத்துட்டே போலாம்" என்றார்.

மான்களையும் மயில்களையும் பார்த்துவிட்டு, ஆற்றைத் தாண்டி மரநிழல் பாதையில் நடந்தோம். ஒரு கிலோமீட்டர் இருக்கலாம். இளவட்டங்களுக்கு இருபது நிமிடம். நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து போனதால் முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிப் பகுதியில் வேரும் பாறையுமாக இருக்கும். அங்கே மட்டும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அருவியில் உண்மையிலேயே தண்ணீர் குறைவுதான். இரண்டு கோடாக, பாறையை ஒட்டியபடி வழிந்துகொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. பக்கத்துப் பாறைச் சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார், அப்புறம் கிட்டே போய் உள்ளங்கையால் தடவினார்.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் கிணறு வெட்டியவர். லத்தேரி, கே.வி.குப்பம், பொன்னை என்று அந்தப் பக்கமெல்லாம் அவர் இறங்காத கிணறு குறைவு. கடப்பாறையும் சம்மட்டியும் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை. "பாத்தியாம்மா, இதோ வரி ஓடுது" என்று ஒரு வெடிப்பைக் காட்டினார். சுவரின் உச்சியில் தொடங்கி, தண்ணீர் விழுகிற இடம்வரை ஒரே நேராக வந்தது. "கல்லு எங்க விட்டுக்குடுக்குமோ அங்கதான் நாங்க உளி வெப்போம். தண்ணியும் அதே இடத்தைத்தான் புடிச்சிருக்கு. எங்களுக்கு ஒரு கிணத்துக்கு ரெண்டு வருஷம் ஆவும். இதுக்கு எத்தினி ஆச்சோ."

நான் இருபத்தாறு வருடமாகப் புவியியல் பாடம் நடத்துகிறேன். ஆற்றின் அரிப்பு, மலையிடுக்கு, குடக்குழி என்று கரும்பலகையில் எத்தனையோ முறை படம் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒரு குடக்குழியை, அதாவது ஓடைத் தண்ணீரும் கல்லும் சுழன்று பாறையில் குடைந்த குழியை, முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் வடிந்திருந்ததால் பாறைத் தளத்தில் ஏழெட்டுக் குழிகள் வெளியே தெரிந்தன. ஒன்று அச்சு அசல் நம் வீட்டு உரல்தான்: வாய் வட்டமாக, உள்ளே போகப் போக அகன்று, சுவர் மழுமழுவென்று. அப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார். கொஞ்சம் மணல் வந்தது, ஒரு நாவல் கொட்டை வந்தது. அப்புறம் ஒரு கல். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரியது, ஒரு மூலைகூட இல்லாத உருண்டை, கறுப்பில் வெள்ளை ரேகை. ஈரம் காயக் காய அந்த ரேகை மங்கிக்கொண்டே போனதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வகுப்பில் காட்டலாமே என்று அதைப் பையில் போடப் போனேன். அப்பா விடவில்லை. "அது வேலை செய்யற கல்லு. இதுதான் இந்தக் குழிக்குக் குழவி" என்று வாங்கித் திரும்ப உள்ளே போட்டுவிட்டார்.

அருவி நிறையக் கொட்டியிருந்தால் இதில் எதுவும் எங்கள் கண்ணில் பட்டிருக்காது. அதனால் சொல்கிறேன், தண்ணீர் இல்லை என்று யாராவது சொன்னால் வாசலோடு திரும்பிவிடாதீர்கள். அந்தக் குழிகளுக்காகவே போகலாம்.

நம் பக்கத்தில் இதுபோல் பாறை இடுக்கும் சிறு அருவியுமாக வேறு எங்கே இருக்கிறது? அப்பாவை நடக்க முடிகிறபோதே அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

காட்பாடி பைக்கர்

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. நான் போன சித்திரையில் நண்பர்கள் நான்கு பேரோடு போனேன். வீடியோவில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் கொட்டியது. அங்கே போனால் பாறைதான் இருக்கிறது, அதுவும் நெருப்பாய்ச் சுடுகிறது. தேங்கிய குட்டையில் பாசி. குளிக்கத்தானே அருவிக்குப் போகிறோம்? கல்லைப் பார்க்க எங்கள் வீட்டுப் பின்னாலேயே மலை இருக்கிறதே. வீடியோ போடுகிறவர்கள் எந்த மாதம் எடுத்தது என்று சொன்னால் இந்த ஏமாற்றம் இருக்காது. எனக்கு அதுதான் வருத்தம்.

ஆரணி ரோடு

தம்பி சொல்வது நியாயம். நான் இந்தத் தடத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். சித்திரை வைகாசியில் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு ஏறுகிறவர்களிடம் "இப்ப தண்ணி இருக்காதுங்க" என்று டிக்கெட் கிழிக்கும்போதே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

நம் ஊர்க் கணக்கு இதுதான். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடியோடு மழை பிடிக்கும். அது மலைமேல் விழுந்தால் அருவி இரண்டு நாள் ஓடும், அப்புறம் இளைக்கும். புரட்டாசிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல ஓட்டம். மார்கழியில் தண்ணீர் தெளிந்து, அளவாக விழும். குடும்பத்தோடு போக எனக்குப் பிடித்த மாதம் அதுதான். தை கடந்தால் மெலிந்துகொண்டே வரும். குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வரக்கூடாது. அங்கே பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. நமக்கு இருப்பது கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு.

டீச்சர் கேட்டதற்கு: ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவி இருக்கிறது. ஏலகிரியின் மறுபக்கம், திருப்பத்தூரிலிருந்து போகிற வழியில், ஜலகம்பாறை அருவி. அங்கே முருகன் கோயிலும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூன்றும் ஒரே ஜில்லா, வட ஆர்க்காடு. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தபோது பீமன் அந்தப் பக்கம் போனார். 2019-இல் திருப்பத்தூர் பிரிந்தபோது ஜலகம்பாறையும் போயிற்று. வேலூருக்கு இப்போது மிச்சம் அமிர்திதான். எந்த மாவட்டமானால் என்ன, மலை நம் மலைதான்.

பூங்கா 1967-இல் வந்தது. சின்னது, 25 ஹெக்டேர்தான். கைக்குழந்தை இருந்தால் அதோடு நிறுத்திக்கொண்டு ஆற்றங்கரையில் சாப்பிட்டுவிட்டு வந்தாலே மனது நிறைந்துவிடும். சாப்பாட்டு மூட்டையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு பிடுங்கிக்கொள்ளும். திரும்பி வருகிற பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லும் மண்ணும்

டீச்சர், உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். நான் நிலவியல் படித்தவன். அவர் ஒரு வரியில் சொன்னதைத்தான் எங்களுக்கு ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வேலூர், ஜவ்வாது மலைப் பக்கமெல்லாம் மிகப் பழைய பாறைகள். பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் என்ற இரண்டு வகை. கிட்டத்தட்ட 250 கோடி ஆண்டு வயது. நைஸில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக ஓடும். டீச்சர் பார்த்த கல்லில் இருந்த ரேகை அந்த வகையாக இருக்கலாம். சார்னோகைட் நீலம் கலந்த சாம்பல் நிறம், புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும். நம் ஆட்கள் இரண்டையுமே கருங்கல் என்றுதான் சொல்வார்கள். சார்னோகைட் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல் அந்த வகைப் பாறை. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதே வகையைச் சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் ஆராய்ந்து, கல்லறைக்காரரின் பெயரையே பாறைக்கு வைத்தார். நம் ஊர்க் கல்லுக்கு எங்கேயோ படுத்திருப்பவர் பெயர்!

இத்தனை கெட்டியான பாறையைத் தண்ணீர் மட்டும் தனியாக வெட்டுவதில்லை. பாறை பூமிக்கடியில் உருவாகி, பிறகு மேலே வரும்போது அழுத்தம் குறைந்து வெடிப்பு விடும். அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கும், வேர் இறங்கும், வெயிலும் மழையும் மாறி மாறி அதை இளக்கும். வெள்ளம் வரும்போது இளகிய துண்டைப் பெயர்த்துக்கொண்டு போகும். பெயர்ந்த துண்டுதான் அடுத்த இடத்தில் உளி. சுழல் இருக்கிற இடத்தில் அந்தக் கல் சிக்கினால் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடையும், தானும் தேயும். ஒரு குழவி தேய்ந்து தீர்ந்தால் இன்னொன்று வந்து விழும். பக்கத்துப் பக்கத்துக் குழிகள் வளர்ந்து நடுச்சுவர் உடைந்தால் ஓடையின் தளமே ஒரு படி கீழே இறங்கிவிடும். இடுக்கு ஆழமாவது பெரும்பாலும் இப்படித்தான். அடுத்த முறை போனால் பக்கச் சுவரில் உங்கள் தலைக்கு மேலே பாதி வட்டமாக, வெட்டிவிட்ட பானை போல ஏதாவது தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது பழைய குழி. ஒரு காலத்தில் ஓடை அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது என்று பொருள்.

பைக்கர் தம்பிக்கு ஒரு வார்த்தை. குழிக்குள் தேங்கிய தண்ணீர் முழங்கால் அளவு மாதிரி தெரியும், கழுத்து அளவு இருக்கும். அருவி விழுகிற மடுவில் மேலிருந்து விழுந்த பாறைகள் கிடக்கும். மேலே ஏறி நின்று குதிக்கிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஏலகிரிக்குப் போனால் கல் மாறுவதைக் கவனியுங்கள். அந்த மலையின் பெரும்பகுதி சயனைட் (syenite) என்ற வேறொரு வகைப் பாறை, இளஞ்சிவப்புச் சாயல். வயது சுமார் 75 கோடி ஆண்டு. இங்கே அதுவே இளசு.

நாகநதிக்கரை

நான் கணியம்பாடி பக்கத்து விவசாயி. அமிர்திக் காட்டில் இறங்குகிற தண்ணீர்தான் எங்களுக்கு நாகநதி. சிங்கிரிகோயில் பக்கம் ஓடி, கமண்டல நாகநதியோடு சேர்ந்து, செய்யாறு வழியாகப் பாலாற்றுக்குப் போகிறது. எங்கள் அப்பா காலத்தில் மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகள் நடுவில் பல வருடம் வறண்டு கிடந்தன. பின்னால் நூறு நாள் வேலையில் ஊர்ப் பெண்கள் ஆற்றுப் படுகையிலும் ஓடைகளிலும் குழி வெட்டி, சிமெண்ட் உறைகளை இறக்கி, கல்லடுக்கித் தண்ணீரை நிலத்துக்குள் அனுப்பினார்கள். என் மனைவியும் அதில் வேலை செய்தாள். இப்போது எங்கள் கிணற்றில் மாசியிலும் தண்ணீர் நிற்கிறது. அருவியைப் பார்க்க வருகிறவர்கள் அது கீழே போய் என்ன ஆகிறது என்பதையும் தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்னேன்.

எழுத வந்தது வேறு விஷயம். இடுக்குக்குள் போகிறவர்கள் மேல்மலையைப் பார்க்க வேண்டும். இங்கே பளிச்சென்று வெயில் அடிக்கும். மேலே பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மேகம் உடைத்துக்கொண்டு ஊற்றியிருக்கும். பாறை மலை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, அப்படியே உருட்டிவிடும்.

எனக்குப் பதினாலு வயதிருக்கும். ஆடு மேய்த்துக்கொண்டு ஓடையில் நின்றிருந்தேன். அக்கா மகன் நடுப்பாறையில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தான். ஆடுகள்தான் முதலில் தலையைத் தூக்கின. அப்புறம் எல்லாம் ஒரே ஓட்டமாகக் கரையேறின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலடியில் ஓடிய தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. ஈர மண் வாசனை அடித்தது. அப்புறம்தான் சத்தம், லாரி மேடேறுகிற மாதிரி. நான் கரைக்குத் தாவிவிட்டேன். அவன் தாவுவதற்குள் இரண்டு பக்கமும் தண்ணீர். மூன்று மணி நேரம் அந்தப் பாறைமேல் நின்றான். எங்கள் அக்கா இந்தக் கரையில் நின்று "உக்காராதடா, நில்லுடா, நில்லுடா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். தண்ணீர் அவன் கணுக்கால்வரை வந்து நின்றது. கடவுள் புண்ணியம். இப்போது அவனுக்குப் பேரன் இருக்கிறான்.

தண்ணீர் கலங்கினால், சருகு வந்தால், செருப்பைக்கூடத் தேடாதீர்கள். ஏறிவிடுங்கள். வந்த வழிக்கு ஓட வேண்டியதில்லை, பக்கத்தில் எந்த மேடு இருக்கிறதோ அதில் ஏறுங்கள். வனக் காவலர் போகக்கூடாது என்று நிறுத்தினால் அவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். அவருக்கு மேலே இருந்து செய்தி வந்திருக்கும்.

ஆரணி ரோடு

நாகநதிக்கரை ஐயா சொன்னதைப் படித்து உடம்பு சிலிர்த்துவிட்டது. வாணியம்பாடியில் ஒரு கல்தூண் நிற்கிறது, 1903 நவம்பர் வெள்ளத்துக்காக வைத்தது. அன்றைக்கும் வெள்ளத்துக்குக் காரணம் மேலே மைசூர் சமஸ்தானப் பக்கம். அங்கே ஏரிகள் உடைந்து பாலாறு ஊருக்குள் வந்துவிட்டது.

குடியாத்தம் அம்மா

எல்லோரும் போகச் சொல்கிறீர்கள், நான் வேறொன்று கேட்கிறேன். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) போட்டு நடக்கிறான். பள்ளியில் பிள்ளைகள் அமிர்திக்குப் போய்வந்து கதை சொன்னதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான். போனோம். பூங்காவரை நன்றாக நடந்தான். அதற்கு மேல் பாதையைப் பார்த்துவிட்டு நான்தான் வேண்டாம் என்றேன். அண்ணனும் அப்பாவும் போய்விட்டு வரும்வரை நானும் அவனும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். "சத்தம் கேக்குதும்மா" என்றான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

ஒரு கிலோமீட்டருக்குப் படியும் கைப்பிடியும் போடுவது அத்தனை பெரிய காரியமா? வயதானவர்களுக்கும் ஆகுமே. டீச்சரின் அப்பா மாதிரி எல்லோருக்கும் கை கொடுக்க ஆள் இருக்காது.

காட்பாடி பைக்கர்

அக்கா, சிமெண்ட் படி போட்டால் அடுத்தது கடை வரும், அப்புறம் செல்ஃபி மேடை வரும். சில இடங்களில் பாறையையே வெட்டி, டைல்ஸ் ஒட்டி, குளியலறை மாதிரி ஆக்கிவைத்திருக்கிறார்கள். அமிர்தி அப்படி ஆகிவிடக்கூடாது. தம்பிக்காக வருத்தப்படுகிறேன், ஆனால் காடு காடாக இருக்கட்டும்.

குடியாத்தம் அம்மா

காடு காடாக இருக்கட்டும் தம்பி, நானும் அதைத்தான் ஆசைப்படுகிறேன். அதை என் மகனும் பார்க்கட்டும் என்கிறேன்.

சத்துவாச்சாரி டீச்சர்

அம்மா, நீங்கள் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். நான் பதிவு போடும்போது நடக்க முடியாதவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. உங்கள் கேள்வி வந்த பிறகுதான் உறைத்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கிணற்றுக்குள் இறங்கப் படி வைப்பது அவருக்குப் பழக்கமான வேலை. சுவரிலிருந்து ஒற்றைக் கல்லை வெளியே நீட்டி நீட்டி வைப்பார்கள், சுவரை உடைக்கமாட்டார்கள். "மண் பாதை இருக்கிற வரைக்கும் கல்லைப் பரப்பி மட்டம் பண்ணலாம். அங்க கிடக்கிற கல்லே போதும். சரிவு இருக்கிற நாலு இடத்துல கைப்பிடி போடலாம். பாறை ஆரம்பிக்கிற இடத்துல உக்கார ஒரு மேடை. அங்கேர்ந்து பாத்தாலே அருவி தெரியும். அதுக்கு மேல பாறையில உளி படக்கூடாது" என்கிறார். சிமெண்ட் வேண்டவே வேண்டாம் என்றார். வெள்ளம் வந்தால் அடியில் மண்ணை அரித்து, படி தொங்கிக்கொண்டு நிற்கும், அது இன்னும் ஆபத்தாம்.

எனக்கு இது சரி என்று படுகிறது. பைக்கர் தம்பி பயப்படுவது பாறைக்காக, அம்மா கேட்பது பாதைக்காக. பாதை வேறு, பாறை வேறுதானே? வனத்துறைக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் இங்கே போடுகிறேன், திருத்தம் சொல்லுங்கள்.

கல்லும் மண்ணும்

உங்கள் அப்பா சொன்ன எல்லைக்கோடு சரியான இடத்தில் இருக்கிறது. ஓடைப் படுகைக்குள் நாம் எதைக் கட்டினாலும் தண்ணீர் அதைச் சுற்றிப் புது வழி தேடும். பாதை அளவோடு நிற்கட்டும். மனுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜமுனாமரத்தூரான்

நான் மலைக்காரன். பீமன் அருவி பற்றி மேலே ஒருவர் எழுதியிருந்தார். வாருங்கள், சாமை விளைகிற காலத்தில் வந்தால் மலை வேறு நிறத்தில் இருக்கும். போகிற வழியில் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986-லிருந்து வேலை செய்கிறது. மழைக்காலத்தில் வானம் மூடியிருந்தால் அவர்களுக்கு வேலை கெடும், எங்களுக்கு அருவி ஓடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். பாட்டில்.

என் தம்பி மாட்டைத் தேடிக்கொண்டு ஓடையில் இறங்கினான். முழங்கால் தண்ணீர். அடியில் உடைந்த பாட்டில் கிடந்தது. குதிகாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிழித்துவிட்டது. கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். தையல் போட்டு, புண் ஆறி, நடக்க இரண்டு மாதம். அந்த வருடம் சாமை அறுப்புக்கு அவன் இல்லை. இன்றைக்கும் குளிரில் அந்தக் கால் வலிக்கும். பாட்டிலைப் போட்டவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, அவருக்கும் இப்படி ஆனது தெரியாது. ஒரு நாள் வந்து சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கண்ணாடி அந்தக் கணக்கில் வராது. நீலகிரியில் 2022-இல் காலி மதுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று தொடங்கினார்கள். பத்து ரூபாய் என்றதும் பாட்டில் கடைக்குத் திரும்பிப் போகிறது. மலையும் அருவியும் இருக்கிற எல்லா இடத்திலும் இதைக் கறாராக நடத்த வேண்டும். டீச்சர், உங்கள் மனுவில் இதையும் எழுதுங்கள். குடிக்காதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. தண்ணீருக்குள் போடாதே என்கிறேன்.

காட்பாடி பைக்கர்

அண்ணா, படித்ததும் கஷ்டமாகிவிட்டது. நாங்கள் போன அன்று குட்டையின் ஓரத்தில் நாலைந்து பாட்டில் கிடந்தது. நாங்கள் போட்டது இல்லை. ஆனால் எடுக்கவும் இல்லை, தாண்டித்தான் போனோம். அடுத்த ஞாயிறு நான்கு பேரும் கோணிப்பையும் தடித்த கையுறையுமாகப் போகிறோம். வேறு யாராவது வருகிறீர்களா? குடியாத்தம் அக்கா, தம்பியையும் அழைத்து வாருங்கள். பாதை எப்படி இருந்தாலும் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம், தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிறோம்.

குடியாத்தம் அம்மா

அவனிடம் கேட்டேன். "தூக்கவேணாம், புடிச்சிக்கிட்டா போதும், நான் நடப்பேன்" என்று சொல்லச் சொன்னான். வருகிறோம்.

சத்துவாச்சாரி டீச்சர்

போய் வந்ததை எழுதிவிடுகிறேன். முதலில் குறித்த ஞாயிறு போக முடியவில்லை. முந்தின இரவு மலையில் மழை, காவலர் ஆற்றங்கரையிலேயே நிறுத்திவிட்டார். நாகநதிக்கரை ஐயா சொன்ன அதே டீத்தண்ணி நிறத்தை எல்லோரும் கரையில் நின்று பார்த்தோம். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

எட்டு நாள் கழித்துத் தண்ணீர் தெளிந்தது. காவலரிடம் கேட்டுக்கொண்டு போனோம். பதினோரு பேர். குடியாத்தம் அம்மாவின் மகன் இரண்டு பக்கமும் கை பிடித்துக்கொண்டு நடந்தான். வேர் குறுக்கே வந்த இரண்டு இடத்தில் மட்டும் பைக்கர் தம்பி முதுகில் ஏற்றிக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது. அருவி இப்போது ஒரே பட்டையாக, வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. அவன் அங்கே கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, அந்த உரல் எங்க?"

அப்பா அவனை உட்காரவைத்துக் குழியைக் காட்டினார். வாய்வரை தண்ணீர் நின்றது. இந்த முறை கையை விட்டது அவன்தான், தோள்வரை. அப்பா அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். துழாவித் துழாவி அந்த ரேகைக் கல்லை எடுத்துவிட்டான். அதேதான், வெள்ளத்தில் போகவில்லை. "இன்னொண்ணும் இருக்கு" என்று திரும்பக் கையை விடப் போனான். அப்பா தடுத்து, தானே மெதுவாக எடுத்தார். பச்சைக் கண்ணாடித் துண்டு. ஒரு ஓரம் மழுங்கத் தொடங்கியிருந்தது, மற்ற இரண்டு ஓரமும் இன்னும் கூர்.

கண்ணாடியைக் கோணிப்பையில் போட்டார். கல்லைத் தம்பியிடம் கொடுத்தார். அவன் கொஞ்ச நேரம் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, குழிக்குள் போட்டான். அது போய் அடியில் இடித்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

பாட்டில் மொத்தம் மூன்று மூட்டை. மனுவை நாளை இரவு இங்கே போடுகிறேன்.